சிவப்பு மூடி, பச்சை மூடி

வெள்ளிக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கே நெல்லித்தோப்பில் அந்த மாடிப்படி நிரம்பிவிடும். கீழே பூட்டிக் கிடக்கும் ஜவுளிக்கடை. மேலே ஒரு நீளக் கூடம். வாசலில் பலகை: ‘தொக்தேர் ஆதி – பிரெஞ்சு வாசனை மருத்துவம்’. வேறு ஊரில் டாக்டர் என்று போட்டிருந்தால் எங்கே படித்தார் என்று நாலு பேராவது விசாரித்திருப்பார்கள். இது புதுச்சேரி. தொக்தேர் என்று போட்டுவிட்டால் விசாரிக்க வந்தவனும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றுவிடுவான்.

உப்பளத்திலிருந்து வந்தார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து வந்தார்கள். பாகூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தார்கள். மூட்டுவலி, முதுகுவலி, சர்க்கரை, தூக்கம் வராமை, மகனுக்கு வேலை கிடைக்காமை. எல்லாவற்றுக்கும் சொட்டு இருந்தது. மகனுக்கு வேலை கிடைக்க எந்தத் தைலம் என்று கேட்கிறீர்களா? அதற்கும் இருந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சட்டைக் காலரில் தடவிக்கொள்ள வேண்டும்.

தொக்தேர் ஆதி என்கிற ஆதிமூலத்துக்கு நாற்பத்தைந்து வயது. வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஒரு பட்டுத் துணி, மே மாத வெயிலிலும் அவிழ்க்காதது. நுழைகிறவர்களுக்கு ஒரு ‘பொன்ழூர்’. வெளியேறுகிறவர்களுக்கு ஒரு ‘மெர்சி’. இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் பிரெஞ்சு மொழி அவருக்குத் தேவைப்படவே இல்லை. பிரான்சில் பதினெட்டு ஆண்டு பூவோடும் இலையோடும் வாழ்ந்தவர் என்று சொன்னார்கள். யார் சொன்னார்கள்? அவர்தான்.

அவருடைய சோதனைதான் பிரசித்தம். வந்தவர் முழங்கையின் உள்பக்கத்தை நீட்ட வேண்டும். சிவப்பு மூடி போட்ட குப்பியிலிருந்து தொக்தேர் ஒரு சொட்டு விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஐந்து நிமிடம். உடம்பில் நோய் இருந்தால் சொட்டு விழுந்த இடம் எரியும். எரிந்தால் ஏழு வெள்ளிக்கிழமை வர வேண்டும். ஏழாவது வெள்ளியன்று பச்சை மூடி போட்ட குப்பியிலிருந்து ஒரு சொட்டு. அது எரியாது. நோய் போய்விட்டது என்று அர்த்தம். உடனே மாலை போட்டு, கைதட்டி, படமெடுத்து வாட்சப்பில் ஏற்றிவிடுவார்கள்.

இரண்டு குப்பியிலும் ஒரே தைலமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே தொக்தேர் பதில் சொல்லி வைத்திருந்தார்: “ரெண்டும் ஒரே தைலம்தான். செவப்பு கேள்வி கேக்கும், பச்சை பதில் சொல்லும்.” என்ன அருமையான வாக்கியம். ஒன்றும் புரியாது, ஆனால் தலையாட்டலாம்.

அந்தக் கூடத்தில் முதல் வாரம் எரியாத கை ஒன்றுகூட இருந்ததில்லை. வந்த நூறு பேருக்கும் நோய் இருக்கிறது என்று காட்டுகிற கருவி பழுதாகி இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். நம் மக்கள் அப்படியெல்லாம் அவசரப்பட்டுச் சந்தேகப்படுகிறவர்கள் இல்லை. “எவ்ளோ கரெக்டா புடிக்கிறாரு பாத்தியா” என்றார்கள்.

இந்த வரிசையில் ஒரு வெள்ளிக்கிழமை கமலக்கண்ணனும் நின்றான்.

கமலக்கண்ணனுக்குச் சாமியார்களைக் கண்டால் ஆகாது. ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவன். ராகுகாலத்தில் புது வண்டி எடுத்தவன். முச்சந்தியில் யாராவது எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டிருந்தால் வேண்டுமென்றே அதன்மேல் வண்டியை ஏற்றுவான்; ஏற்றிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பியும் பார்ப்பான். மில் தொழிலாளியின் மகன், மெக்கானிக்கல் டிப்ளமோ, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். “சயின்ஸ் இருந்தாத்தான் நான் ஒத்துப்பேன்” என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும் வசனம்.

ஏமாற்றுகிறவனுக்கு இவனைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டான். விபூதி கொடுத்தால்தானே முறைப்பான்? மாலிக்யூல் என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வான்.

அவனுக்கு மூன்று வயதில் ஒரு மகள், கவிநிலா. பனிக்காலம் வந்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். குழந்தை டாக்டர் மூச்சில் இழுக்கிற மருந்துப் பம்பு எழுதிக் கொடுத்திருந்தார். முகமூடி வைத்து இரண்டு தடவை அழுத்தினால் பிள்ளை கால் மணி நேரத்தில் எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். மனைவி அன்னக்கிளிக்கு அது போதும். கமலக்கண்ணனுக்குப் போதவில்லை. என் மகள் பம்பு பிடிக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? பம்பு பிடித்தால் பழகிவிடும், பழகிவிட்டால் நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான்? மூன்று வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுகிற இந்த மூளைதான் சயின்ஸ் கேட்டது.

“புள்ளய அழைச்சிட்டு வரல முசியே?” என்றார் தொக்தேர்.

“சளி அதிகமா இருக்கு சார். மாடி ஏற முடியல.”

“பரவாயில்ல. அப்பா டி.என்.ஏ. தானே பொண்ணுக்கு? ஒங்க கையில பாத்தா அவ நெஞ்சு தெரிஞ்சுடும்.”

டி.என்.ஏ. என்ற சொல் காதில் விழுந்ததும் கமலக்கண்ணன் சட்டைக் கையை மடித்தான். எரிந்தது. அவன் கை எரிந்ததால் மகளுக்கு நுரையீரலில் கோளாறு என்று முடிவானது. டிப்ளமோவில் நான்கு பாடத்தில் அரியர் வைத்துத் தேறியவன், இதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு ஒரு நீல மூடிக் குப்பியும், தைலத்தை ஆவியாக்குகிற ஒரு புகைக் கருவியும் கிடைத்தன. குப்பியைச் சுற்றிப் பிரெஞ்சில் பொடி எழுத்து. ராத்திரி முழுவதும் புகைக் கருவியில் முப்பது சொட்டு. ஜன்னல் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் மாலிக்யூல் ஓடிவிடும். மார்பிலும் முதுகிலும் அப்படியே பூச வேண்டும், எதையும் கலக்கக் கூடாது. குப்பி எப்போதும் தலையணைப் பக்கத்தில் இருக்க வேண்டும். பம்பு கூடாது.

“அடுத்த வெள்ளி வாங்க. உள்மருந்து ஆரம்பிப்போம். இதே தைலம், தேன்ல ஒரு டீஸ்பூன், புள்ள நாக்குல. என் கையாலயே குடுக்கிறேன். தோல் செவந்தா பயப்படாதீங்க. நோய் வெளிய வருதுன்னு அர்த்தம்.”

எல்லா வழியையும் அடைத்துவிட்டுத்தான் அனுப்பினார் பாருங்கள். குணமானால் தைலத்தால். மோசமானாலும் தைலம் வேலை செய்கிறது.

*

அன்னக்கிளி ஒத்துக்கொள்ளவில்லை. டவுனில் வேறொரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவள், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏங்க, பெரியவங்களுக்கே கண்ணு எரியுது. அவ சின்னப் புள்ள.”

“ஒனக்கு இதெல்லாம் தெரியாது. இது தெரபி. பிரான்சுல ஆஸ்பத்திரியிலயே இதான் குடுக்கிறாங்க.”

“யார் சொன்னா?”

“தொக்தேர்.”

“அவரு கடையில அவரு சரக்க நல்லாருக்குன்னு சொல்லாம வேற என்ன சொல்வாரு? நான்கூட ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட ஒங்களுக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்குன்னு சொல்றேன்.”

கமலக்கண்ணனுக்குக் கோபம் வந்தது. படித்தவனுக்குப் பதில் தெரியாதபோது வருகிற கோபம் அது. பம்பை எடுத்துப் பீரோ மேலே வைத்தான். ஜன்னலைச் சாத்தினான்.

சனிக்கிழமை பிள்ளையின் மார்பு சிவந்தது. நோய் வெளியே வருகிறது என்று மகிழ்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மார்பு தடித்துப் புண்ணாகி, கண் நீர் கொட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தொக்தேருக்குப் போன் போட்டான்.

“அருமை. நோய் வாசப்படிக்கு வந்துடுச்சு. இப்ப போயி பம்பு கிம்பு அடிச்சீங்கன்னா திரும்ப உள்ள ஓடிரும். மெர்சி.”

மூச்சுக்கு ஏங்குகிற பிள்ளையைப் பற்றி ‘அருமை’ என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். அதைக் கேட்டுவிட்டுப் போனைப் பையில் போட இன்னொரு மனசு வேண்டும். இரண்டு மனசும் அன்றைக்கு அந்த ஒரே போனில் சந்தித்துக்கொண்டன.

அன்னக்கிளி அவனிடம் பேசுவதை விட்டுவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தாள். நிர்மலாதேவி, கமலக்கண்ணனின் அக்கா. வில்லியனூர் சாலையில் சோப்பும் ஊதுபத்தியும் செய்கிற பட்டறை ஒன்றில் பதினாலு வருடமாகத் தைலம் கலக்கிற மேசையில் வேலை. தம்பி வீடு தெருவின் கடைசியில். தெருமுனைக்கு வரும்போதே அவளுக்கு வாசனை பிடிபட்டுவிட்டது.

உள்ளே வந்தவள் பார்த்தது இதுதான். பாயில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்த கவிநிலாவின் கையில் நீல மூடிக் குப்பி இருந்தது. தலையணைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்களே, எடுத்துக்கொண்டாள். மூடியைப் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

நிர்மலா கத்தவில்லை. போய்க் குப்பியை மெதுவாக வாங்கினாள். மூடி கழன்றிருக்கவில்லை. ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள். புகைக் கருவியைப் பிடுங்கி மொட்டை மாடியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். பம்பை எடுத்து முகமூடி வைத்து அழுத்தினாள். பிறகு தேங்காயெண்ணெயில் பஞ்சை முக்கி மார்பிலிருந்த தைலத்தை ஒற்றி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினாள்.

“தண்ணியில கழுவ வேண்டியதுதானே?” என்றான் கமலக்கண்ணன்.

“தைலம் தண்ணியில போவுமாடா? பரவும். மொதல்ல எண்ணெயில எடுக்கணும். பட்டறைக்கு நேத்து வந்த பொண்ணுக்குத் தெரியும் இது. நாங்க இத கையுறை போடாம தொடமாட்டோம். ஒரு கரண்டி எண்ணெய்க்கு ரெண்டு மூணு சொட்டு கலந்தாத்தான் தோல்ல வைப்போம், அதுவும் பெரியவங்களுக்கு. வாசனைக்கு வேணுமா, நாலு சொட்டு போடு, ஜன்னலத் தொறந்து வை, அரை மணியில அணைச்சிடு. மூச்சு எளைக்கிற புள்ள இருக்கிற வூட்ல அதுவும் வேணாம். இந்தக் குப்பிய எங்க முதலாளி பூட்டிதான் வைப்பாரு. நீ தலகாணியில வச்சிருக்க.”

மூவருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அரசு மருத்துவமனையில் ஆவி மருந்து வைத்தார்கள். மதியத்துக்குள் இழுப்பு அடங்கியது. அங்கிருந்த இளம் டாக்டரம்மா என்ன தடவினீர்கள் என்று கேட்டார். கமலக்கண்ணன் கொஞ்சம் பெருமையாகவே குப்பியைக் காட்டினான். அந்தப் பெண் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பொடி எழுத்தை வாசித்தார். வாசித்துவிட்டு இவனை ஒரு மாதிரி பார்த்தார்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?”

“பிரெஞ்சு பார்முலா மேடம்.”

“விழுங்கக் கூடாது. கலக்காம தோல்ல பூசக் கூடாது. கொழந்தைங்க கைக்கு எட்டாத எடத்துல வைக்கணும். ஆறு வயசுக்குக் கீழ உபயோகிக்கவே கூடாது. இதான் எழுதியிருக்கு. எங்கயோ ஒரு நல்ல குப்பியப் பாத்து அப்படியே அச்சடிச்சிருக்காங்க, என்ன எழுதியிருக்குன்னு தெரியாம. இத டீஸ்பூன் கணக்குல உள்ளுக்குக் குடுத்தா மூணு வயசுப் புள்ளைக்கு வலிப்பு வரும். உயிர்கூடப் போவலாம்.”

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? கமலக்கண்ணனுக்கு வேண்டியிருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது சொன்னான்: “அது பிரெஞ்சுக்காரங்களுக்கு எழுதினது. அவங்க ஒடம்பு வேற. ஆவி மருந்து வச்சு அமுக்கிட்டாங்க, நோய் உள்ளயே நின்னுடுச்சு. உள்மருந்து ஒரு தடவை குடுத்துட்டா வேரோட போயிடும். என் கை எரிஞ்சத நானே பாத்தேன்கா. அது பொய்யா?”

அன்னக்கிளி பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை நீங்க இவளத் தூக்கிட்டு அந்த மாடி ஏறினா, நான் இவளத் தூக்கிட்டு எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வரமாட்டேன்.”

நிர்மலா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை நம்பவில்லை. பெண்டாட்டி சொன்னதைக் கேட்கவில்லை. கை எரிந்ததை மட்டும் நம்புகிறான்.

“சரிடா. ஒன் கை எரிஞ்சது நெசம். அந்த எரிச்சலையே கேப்போம். வெள்ளிக்கிழமை நானும் வரேன். புள்ள வரவேணாம். ஒரே ஒரு சோதனை. அதுல அந்தாளு ஜெயிச்சா நானே தேன் கலந்து குடுக்கிறேன். தோத்தா?”

“தோக்கமாட்டாரு” என்றான் கமலக்கண்ணன்.

*

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. அன்றைக்குப் பட்டம் வாங்குகிறவர் கோவிந்தசாமி, ஓய்வுபெற்ற வாட்ச்மேன், முட்டிவலி, ஏழாவது வாரம். பச்சை மூடிச் சொட்டு விழுந்தது. எரியவில்லை. ரோஜா மாலை விழுந்தது. “முட்டி எப்படி இருக்குது?” என்று ஒருவர் கேட்டார். “வலி இருக்குது. ஆனா நோய் போயிடுச்சு” என்றார் கோவிந்தசாமி. கூடம் கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்ததும் நிர்மலா எழுந்தாள்.

“தொக்தேருக்கு வணக்கம். எனக்கு ஒரு சின்ன சந்தேகம். செவப்பு குப்பி, பச்சை குப்பி ரெண்டும் ஒரே தைலம்தானே?”

“நிச்சயமா மதாம்.”

“நோய் இருந்தா எரியும், இல்லன்னா எரியாது. அப்படித்தானே?”

“அதான் இதோட மகத்துவம்.”

“கோவிந்தசாமி அண்ணனுக்கு நோய் போயிடுச்சு. இப்ப அவருக்கு அந்தச் செவப்புல ஒரு சொட்டு வுடுங்க. எரியக் கூடாது இல்லியா?”

தொக்தேர் சிரித்தார். பழகிய சிரிப்பு, ஆனால் கொஞ்சம் பிந்தி வந்தது. “மதாம், கேள்விய முதல் வாரம்தான் கேக்கணும். பதில் வந்தப்புறம் திரும்பக் கேட்டா தைலத்துக்கு அவமரியாதை.”

“தைலம் கோவிச்சுக்குமா?”

இதைக் கேட்டுச் சிரித்தவள் குஞ்சம்மாள். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவள், தோள்வலிக்காக மூன்று வாரமாக வருகிறாள், முழங்கையில் முதல் வாரத்துத் தழும்பு. “வுட்டுத்தான் பாக்கலாமே தொக்தேரு. நான் மீனு வித்தா செவுளத் தூக்கிக் காட்டாம எவளாவது வாங்குறாளா? இதென்ன, ஒரு சொட்டுதானே.”

கோவிந்தசாமி மாலையோடு எழுந்து நின்றார். குணமானவர் அல்லவா, வீரம் இருந்தது. “எனக்கு எரியாதும்மா. வுடச் சொல்லு” என்று கையை நீட்டினார். தொக்தேர் நகரவில்லை. நிர்மலா பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு சிவப்புக் குப்பியை எடுத்தாள். எடுத்ததும் மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு சொட்டு விட்டாள்.

“குஞ்சம்மா, நீ மூணாவது வாரம்தானே? ஒனக்கு நோய் இன்னும் இருக்குது. ஒனக்குப் பச்சை.”

இரண்டு கையையும் எல்லாரும் பார்த்தார்கள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தார்கள். கமலக்கண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் மனசு எரியாதே, எரியாதே என்று கோவிந்தசாமியின் கையைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அந்தக் கை எரியாவிட்டால் அவன் முட்டாள் இல்லை. எரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் என்னவாக இருந்தான் என்பதை அவனே சொல்லிக்கொள்ள வேண்டிவரும்.

மூன்றாவது நிமிடம் கோவிந்தசாமியின் முகம் கோணியது. நான்காவது நிமிடம் அவர் மாலையைக் கழற்றிவிட்டுக் கையை ஊத ஆரம்பித்தார்.

“எரியுதா?” என்றாள் நிர்மலா.

“எரியுதும்மா. அன்னிக்கு மாதிரியே எரியுது.”

“எனக்கு ஒண்ணுமே இல்ல” என்றாள் குஞ்சம்மாள். “மூணு வாரத்துல எனக்குக் கொணமாயிடுச்சா? தோளு இன்னும் தூக்க முடியலியே.” கையை மோந்து பார்த்தாள். “இது தேங்காயெண்ண. நான் தலைக்கு வச்சிக்கிற தேங்காயெண்ண.”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. ஆனால் நம் மக்களைக் குறைவாக எடை போடாதீர்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “கோவிந்தசாமிக்கு நோய் இப்பதான் திரும்பி வந்திருக்கும்” என்றார். மாலை விழுந்து பத்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் நோய் போய், ஊரைச் சுற்றிவிட்டு, திரும்பியும் வந்துவிட்டதாம். நாலைந்து தலைகள் ஆடின. தொக்தேர் அதைப் பிடித்துக்கொண்டார்.

“கரெக்ட். கண்ணு பட்டுடுச்சு. சந்தேகப்படுறவங்க கூடத்துல இருந்தா அலைவரிசை கலங்கிடும்.”

அப்போதுதான் கமலக்கண்ணன் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்ற சொல் அவனை எழுப்பியிருக்கலாம். அது அவன் வண்டி ஏற்றுகிற எலுமிச்சம்பழத்துச் சொல். வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து அது வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“சார், ஒங்களுக்கு நோய் எதுவும் இல்லல்ல?”

“எனக்கா? பதினெட்டு வருஷமா தும்மல்கூட வந்ததில்ல முசியே.”

“அப்ப ஒங்க கையில ஒரு சொட்டு வுட்டுக்குங்க. எரியலன்னா என் பொண்ணுக்கு இன்னிக்கே உள்மருந்து குடுத்துடலாம்.”

கூட்டத்துக்கு இது பிடித்திருந்தது. தொக்தேர் நிரூபித்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாகப் பழையபடி எரிந்துகொள்ளலாம். தொக்தேரும் வேறு வழியில்லாமல் கோட்டுக் கையைச் சுருட்டினார். “சந்தோஷமா” என்று சொல்லிக்கொண்டே மேசைக்குக் கை நீட்டினார்.

“சார், அது பச்சை” என்றான் கமலக்கண்ணன். “செவப்பு எடுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே முசியே.”

“ஒண்ணுதானேன்னா செவப்பே எடுங்க.”

அந்தக் கை நடுவழியில் நின்றது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். ஏழு வாரமாக, எழுபது வாரமாக இந்தக் கூடம் பார்க்க வேண்டியிருந்தது அந்த ஒரு சாணைத்தான். இப்போது பார்த்தது.

“மக்கர் பண்ணுறாரு பாரு” என்று சொல்லிக் குஞ்சம்மாள் எழுந்துபோனாள். திமிறுகிற வஞ்சிர மீனைப் பிடித்துப் பழகிய கை அது. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், சிவப்புக் குப்பியைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு என்றுதான் நினைத்தாள், ஏழெட்டு விழுந்துவிட்டது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிரான்சில் பதினெட்டு ஆண்டு வாழ்ந்தவர் நல்ல விருத்தாசலம் தமிழில் அலற ஆரம்பித்தார். “ஐயோ, எரியுதே, தண்ணி கொண்டாங்கய்யா” என்று குதித்தார். கழுத்துப் பட்டுத் துணியால் தேய்த்தார், அது இன்னும் பரவியது.

“தண்ணி ஊத்தாதீங்க” என்றாள் நிர்மலா. “அது கலக்காத லவங்கப்பட்டை எண்ணெய். எங்க பட்டறையில சோப்புக்குப் போடுறது. தண்ணியில போவாது.” பச்சை மூடிக் குப்பியைத் திறந்து, பஞ்சில் ஊற்றி, அவர் கையை ஒற்றி எடுத்தாள். “இந்தத் தேங்காயெண்ணெய் இன்னிக்குத்தான் ஒருத்தருக்கு உபயோகப்படுது. போயி சோப்புப் போட்டுக் கழுவிக்குங்க.”

அவர் கழுவப் போனார். கழுவுகிற இடத்துக்குப் பின்பக்கமும் ஒரு படிக்கட்டு உண்டு. அதில் இறங்கி நழுவப் பார்த்தார். ஆனால் அதுவும் பூட்டிய ஜவுளிக்கடை வாசலில்தான் போய் முடியும்; அங்கே மாடியிலிருந்து சேதி கேட்ட ஆட்டோக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவரின் தாய்க்குக் கை கொப்பளித்து ஆறாமல் இருந்தது. போலீஸ் வருகிற வரை தொக்தேரை ஆட்டோவிலேயே உட்காரவைத்தார்கள். பிரான்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் கடற்கரைப் பக்கமாகக் கையைக் காட்டினார். எரியாத கையை.

மேலே கூடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லியாக வேண்டும். கூட்டம் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்தீர்களா? போகவில்லை. மோசடிக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்த பெண் எதிரில் நிற்கிறாள். வாசனையை மோந்தே கண்டுபிடித்துவிட்டாள். தொட்டதும் எரிச்சல் அடங்கியது, எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிர்மலாவைச் சுற்றி ஒரு வரிசை உண்டாகிவிட்டது.

“அம்மா, ஒங்க கையால என் முட்டிக்கு ஒரு சொட்டு” என்றார் கோவிந்தசாமி.

“ஒங்களுக்கு அருள் இருக்கும்மா” என்றார் முன்வரிசைக்காரர். கொஞ்ச நேரம் முன்னால் கோவிந்தசாமிக்கு நோய் திரும்பி வந்துவிட்டது என்றாரே, அதே ஆள்.

நிர்மலா பின்னால் நகர்ந்துகொண்டே சொன்னாள்: “முட்டிவலின்னா முட்டி டாக்டர்கிட்ட போங்க. என்கிட்ட ஒண்ணுமில்ல. நான் சோப்புப் பட்டறையில கூலிக்கு வேலை செய்றவ. நான் கேட்டது ரெண்டு கேள்வி. நீங்களும் கேட்டிருக்கலாம்.”

வரிசை கலையவில்லை. அதில் ஒருவன் முண்டியடித்து முன்னால் வந்தான். கண் கலங்கியிருந்தது. மூன்று வயது மகளின் நாக்கில் தேனோடு கலந்து வைக்க இருந்ததை நினைத்துப் பார்த்துவிட்டான். அதற்குமேல் நிற்க முடியவில்லை. கமலக்கண்ணன், டிப்ளமோ படித்தவன், ராகுகாலத்தில் வண்டி எடுத்தவன், அக்காவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“நீதான்கா தெய்வம். என் புள்ள உசுரக் காப்பாத்தின தெய்வம்.”

நிர்மலா குனிந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி, ஆனால் அவனைப் பார்த்து, சொன்னாள்:

“கால வுடுடா. ஒரு கால வுட்டுட்டு இன்னொரு காலப் புடிக்கிறதுக்கு அறிவுன்னு பேரு இல்ல. தொடணும்னா ஒன் தலையத் தொட்டுப் பாரு. ஞாயித்துக்கிழமை புள்ள மூச்சுக்கு ஏங்கினப்ப அது எங்கடா போயிருந்துச்சு?”